ஓரின் வாங்கிய பெட்ரோல் வண்டி

ஓரின் ஸ்கோக்லண்டும் நானும் மினசோட்டாவின் மேற்கு ஓரத்தில், மாவட்டச் சாலைத்துறையின் பணிமனையில் இருபத்தாறு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். சாலையில் விழுந்த பனியைத் தள்ளுகிற லாரிகளைப் பழுது பார்ப்பதுதான் வேலை. அத்தனையும் டீசல் லாரிகள். மீசையில் மூச்சு உறைகிற குளிரில் ஒரு லாரி கிளம்ப மறுத்தால், ஓரின் அதன் பக்கத்தில் போய் நின்று, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். சொல்வதும் இரண்டு மூன்று வார்த்தைதான். பெட்ரோல் இன்ஜின் என்றால் அவனுக்கு இளக்காரம். "அது புல் வெட்டுற மிஷினுக்குடா" என்பான்.

அவன் மனைவி மார்லிஸ் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தாள். முந்நூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. ஓரின் பேசாமல் மிச்சம் வைத்ததையெல்லாம் அவள் பேசித் தீர்ப்பாள். ஐம்பத்தேழு வயதில் அவளுக்குக் கழுத்திலும் அக்குளிலும் கட்டி வந்தது. நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய். எட்டு மாதம் ஃபார்கோ ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தார்கள். கட்டி கரைந்தது. கொட்டின முடி சுருள் சுருளாகத் திரும்பி வந்தது. காசு கொடுக்காமல் கிடைத்த சுருட்டை என்று எல்லாரிடமும் தொட்டுக் காட்டுவாள். நோய் வந்தது, போனது, அவ்வளவுதான் என்று அவள் நம்பினாள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

ஓரின் ஓய்வு பெற்ற வருஷம் வீட்டை விற்றார்கள். வீட்டு வண்டி ஒன்று வாங்கி, குளிர்காலத்துக்கு அரிசோனா, மற்ற மாதங்களில் நினைத்த இடம் என்று இருந்துவிடுவதாகத் திட்டம். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற, பஸ் அளவு பெரிய வண்டி. எங்கள் பக்கத்தில் பனியைப் பார்த்துச் சலித்தவர்கள் பலரும் செய்கிற காரியம்தான். நானும் தனி ஆள் என்பதால், காருக்குப் பின்னால் ஒரு சின்ன இழுவை வண்டியைக் கட்டிக்கொண்டு மூன்று வருஷமாக அரிசோனாவில் யூமா ஊர்ப் பக்கம் போய் வந்துகொண்டிருந்தேன்.

வண்டி பார்க்க ஃபார்கோவுக்கு என்னையும் கூட்டிப் போனான். ஏப்ரல் மாதம். விற்பனை மைதானத்தின் ஓரத்தில் கறுத்துப்போன பனி இன்னும் குவியலாகக் கிடந்தது. அவன் இரண்டு வண்டிகளைத் தேர்ந்து வைத்திருந்தான். ஒன்று ஆறு வருஷப் பழைய டீசல் வண்டி, இன்ஜின் பின்பக்கம். இன்னொன்று நாலு வருஷப் பழைய பெட்ரோல் வண்டி. அதற்கு இன்ஜின் முன்னால், ஓட்டுகிறவர் காலுக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே ஒரு மூடிக்குள் இருக்கும், இரைச்சல் முழுக்க உள்ளேதான். டீசலுக்கு நாற்பத்திரண்டாயிரம் டாலர் அதிகம்.

மார்லிஸ் டீசல் வண்டியின் முன் இருக்கையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. விற்பனைக்காரப் பையன் வண்டியை நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டினான். பெரிய கண்ணாடி வழியாக வயல்கள் ஓசையில்லாமல் வந்து போயின.

"லைல், இங்க வந்து உக்காரு" என்று என்னைக் கூப்பிட்டாள். "சத்தமே இல்ல பாரு. இந்த மனுஷனை இதுல உக்கார வச்சா வேற வழியில்லாம என்கூடப் பேசித்தான் ஆகணும்."

ஓரின் சிரித்தான். டீசலைத்தான் வாங்குவான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

திரும்பும் வழியில் ஒரு காபிக் கடையில் நிறுத்தினோம். மார்லிஸ் கண்ணாடிப் பெட்டியில் இருந்த, பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரங்களைப் பார்த்து வரப் போனாள். அந்த நேரத்தில் ஓரின் சட்டைப்பைக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் குறிப்பேட்டை எடுத்து என் முன்னால் வைத்தான். கணக்கில் நான் அவனை விடக் கொஞ்சம் தேவலை.

டீசல் இன்ஜின் மூன்று லட்சம் மைல் ஓடும். பெட்ரோல் இன்ஜின் அதில் பாதி ஓடினாலே பெரிது. ஆனால் டீசல் வண்டிக்கு ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் வாளிக் கணக்கில் ஊற்ற வேண்டும். டயர் ஒவ்வொன்றும் லாரி டயர். காற்று பிரேக், அதற்கொரு பராமரிப்பு. ஒரு கேலன் டீசலுக்கு விலை கூடுதல், அதே கேலன் கொஞ்சம் கூடுதல் தூரம் இழுக்கும். இவையெல்லாம் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தால் சிறு விஷயங்கள். பெரிய விஷயம் அந்த நாற்பத்திரண்டாயிரம். நிறைய ஓட்டி, நிறைய வருஷம் வைத்திருந்தால்தான் அது திரும்பி வரும். பழுது பார்க்கிறவனாக நான் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டேன்.

"எத்தன வருஷம் வச்சிருப்ப?"

அவன் காபிக் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தான். "அஞ்சுன்னு போடு" என்றான்.

அவன் முழங்கால் மோசம் என்பது எனக்குத் தெரியும். அதை மனதில் வைத்துச் சொல்கிறான் என்று நினைத்தேன். "அஞ்சுதான்னா பெட்ரோல் வாங்குடா. கண்ண மூடிக்கிட்டு வாங்கு. டீசலுக்குக் குடுக்கற காசு உனக்குத் திரும்ப வராது" என்றேன். அவன் தலையாட்டிவிட்டுக் குறிப்பேட்டை உள்ளே வைத்துக்கொண்டான். மார்லிஸ் மூன்று தட்டில், புளிப்பான ரூபார்ப் தண்டு வைத்த பை பலகாரத்தோடு வந்தாள்.

இரண்டு வாரத்தில் பெட்ரோல் வண்டி அவர்கள் வீட்டு வாசலில் நின்றது. ஓய்வு பெற்றவர்களுக்கு டீசல் பராமரிப்பு கட்டுப்படியாகாது என்று எல்லாரிடமும் ஒரே பதிலைச் சொன்னான். மார்லிஸுக்கு ஏமாற்றம்தான். ஆனால் இரண்டு நாளில் மறந்துவிட்டு, திரைச்சீலை தைக்க உட்கார்ந்தாள். குளிர்ப்பெட்டிக் கதவில் போக வேண்டிய இடங்களின் பட்டியலை ஒட்டினாள். ஓரிகன் கடற்கரை, கரோலினா மலைகள், கனடாவின் கிழக்குக் கோடியில் கடற்பறவைகள் கூடு கட்டுகிற பாறைகள் என்று பதினேழு இடம்.

அந்த அக்டோபரில் இருவரும் யூமாவுக்கு வந்து, நான் இருந்த பூங்காவிலேயே எனக்கு நாலு இடம் தள்ளி நிறுத்தினார்கள். பூங்கா என்றால் மரங்கள் உள்ள பூங்கா இல்லை. சரளைக்கல் கொட்டிய மைதானம், வரிசை வரிசையாக வீட்டு வண்டிகள், ஒவ்வொன்றுக்கும் தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் கழிவுக் குழாயும். மாலையில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு ஆண்கள் உட்காருவார்கள். ஓரினைக் கண்டால் அவர்களுக்குக் கொண்டாட்டம்.

"ஆயுசு பூரா டீசல் சாமியக் கும்பிட்டவன், கடைசியில மதம் மாறிட்டான்" என்பார் அயோவாக்காரர் ஒருவர். "மேடு ஏறும்போது பொண்டாட்டி திட்டறது காதுல விழக்கூடாதுன்னு வாங்கியிருக்கான்" என்பார் இன்னொருவர். ஓரின் பீரைக் குடித்துக்கொண்டு சும்மா இருப்பான்.

பிப்ரவரியில் ஒரு காலை நேரம். காபித்தூள் தீர்ந்துபோய் நான் அவர்கள் வண்டிக்குக் கேட்கப் போனேன். பந்தல் துணிக்குக் கீழே ஓரின் தோசைக்கல்லில் பான்கேக் ஊற்றிக்கொண்டிருந்தான். என்னையும் உட்காரச் சொன்னான். மார்லிஸ் உள்ளே தண்ணீர் வடிகட்டியின் ரசீதைத் தேடிக்கொண்டிருந்தாள். ரசீது கிடைக்கவில்லை. மஞ்சள் குறிப்பேடு கிடைத்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு படியில் இறங்கி வந்தாள்.

"இது என்ன ஓரின்?"

"வண்டி வாங்கறப்போ போட்ட கணக்கு."

"அது தெரியுது. மூணு வருஷம், அஞ்சு வருஷம், பத்து வருஷம்னு தனித்தனியாப் போட்டிருக்க. பத்து வருஷம் வச்சிருந்தா டீசல்தான் மேல்னு நீயே எழுதியிருக்க. அப்புறம் அந்தப் பத்தை அடிச்சிருக்க."

அவன் மாவுக் கிண்ணத்தைக் கலக்கினான்.

"அஞ்சைச் சுத்தி வட்டம் போட்டுப் பக்கத்துல என் பேரு எழுதியிருக்க. எதுக்கு?"

அவன் பொய் சொல்லத் தெரியாதவன். ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். நானாக இருந்தால் மழுப்பியிருப்பேன். அவன் கல்லில் கருகிக்கொண்டிருந்ததைப் புரட்டிப் போட்டுவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அஞ்சு வருஷத்துக்குத் திட்டம் போட்டுக்குங்கன்னு டாக்டர் சொன்னாரு. அதுக்கு மேல கிடைச்சா சந்தோஷம்னாரு."

"எப்போ?"

"போன மார்ச்சுல. நீ கோட்டு எடுக்கப் போனப்போ. நான்தான் அவர வராண்டாவுல நிறுத்திக் கேட்டேன்."

மார்லிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். உதடு அசையாமல் எண்ணினாள் என்று நினைக்கிறேன். "அப்போ நாலு வருஷமும் ஒரு மாசமும் இருக்கு" என்றாள்.

"டாக்டருங்க சொல்றதெல்லாம் ஒரு குத்துமதிப்புதான் மார்லிஸ்."

"குத்துமதிப்பு வச்சா வீட்ட வித்த?"

பிறகு அவள் என்னைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா லைல்?"

தெரியாது என்றேன். அது உண்மை. ஆனால் காபிக் கடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொன்னது நான்தானே. நான் எழுந்து வந்துவிட்டேன். காபித்தூள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மார்லிஸ் அழுதாள், சண்டை போட்டாள் என்றெல்லாம் சொன்னால் அது பொய். அப்படி நடந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பூங்காவின் சமூகக்கூடத்தில் சீட்டு விளையாடப் போவதை நிறுத்தினாள். ஒரு நாள் துணி துவைக்கும் அறையில் என்னிடம் சொன்னாள். நோயை விட இதுதான் கஷ்டமாக இருக்கிறதாம். நோய் வந்தபோது அவளும் ஓரினும் ஒரே பக்கத்தில் நின்றார்களாம். இப்போது அவன் ஒவ்வொரு தடவை அவளைப் பார்க்கும்போதும் மனதுக்குள் எதையோ கழித்துப் பார்க்கிறான் என்று தோன்றுகிறதாம்.

"அவன் உன்னக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னுதான் மறைச்சான்" என்றேன்.

"தெரியும். அதனாலதான் கோபப்படக்கூட முடியல."

பயணம் போனார்கள். போகாமல் எப்படி இருப்பது, வீடுதான் இல்லையே. அந்தக் கோடையில் ஓரிகன் போனார்கள். ஓரின் அங்கிருந்து போன் செய்தான். கடல் தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டால், அவள் இருக்கையை விட்டு இறங்கவில்லையாம். இங்கிருந்தே தெரிகிறது என்றாளாம். மறு வருஷம் கரோலினா. மலை ஏறும்போது இன்ஜின் மூடிக்குள்ளிருந்து கிளம்புகிற இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. அது வசதியாக இருந்தது என்று ஓரின் சொன்னான். பேச வேண்டியதில்லை அல்லவா.

மூன்றாவது குளிர்காலத்தில் அவன் தப்பைத் திருத்தப் பார்த்தான். வண்டியை மாற்றி டீசல் வாங்கிவிடுவது என்று முடிவு செய்து, எதற்கென்று சொல்லாமல் மார்லிஸையும் ஏற்றிக்கொண்டு டூசானில் ஒரு விற்பனை நிலையத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். துணைக்கு நான் என் காரில் பின்னால் போனேன். பெட்ரோல் வண்டிக்கு அவன் கொடுத்ததில் பாதிகூடக் கிடைக்காது என்றார்கள். மிச்சத்தைத் தன் சேமிப்பிலிருந்து போடுகிறேன் என்றான். அது கிட்டத்தட்ட இருந்த அத்தனையும். நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன், புத்தி கெட்டுவிட்டதா என்று.

"பத்து வருஷத்துக்கு வாங்கறேன்னு அவளுக்குக் காட்டணும்டா" என்றான்.

காட்டினான். முன்கண்ணாடி வழியாக அந்த டீசல் வண்டியைச் சுட்டிக் காட்டினான். மார்லிஸ் கீழே இறங்கவே இல்லை. "வேணாம் ஓரின். அன்னைக்கு வாங்கியிருந்தா அது வண்டி. இன்னைக்கு வாங்கினா எனக்கு ஆறுதல் சொல்ற மாதிரி. ஓட்டு, போகலாம்" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதைக் கேட்டுக்கொண்டு நின்ற விற்பனைக்காரர் கையில் இருந்த சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர்கள் ஐந்து என்று கணக்கு வைத்திருந்த மார்ச் மாதம் வந்தது. யூமா டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். எதுவும் இல்லை. சுத்தம். ஓரின் கடையில் போய் வெள்ளைக் கிரீம் வைத்த கேக் வாங்கி வந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மார்லிஸ் கேக்கைப் பார்த்தாள், கத்தியை எடுத்தாள், எங்கள் இருவருக்கும் வெட்டிக் கொடுத்தாள்.

"இனிமே என்ன பண்றதுன்னு தெரியல" என்றாள். "நான் எல்லாத்துக்கிட்டேருந்தும் விடை வாங்கிட்டேன். திரும்ப ஆரம்பிக்கணும்னா எங்கேருந்து ஆரம்பிக்கறது?"

ஓரின் அன்றைக்கே கனடா போகலாம், பட்டியலில் மிச்சமிருக்கிற இடத்துக்கெல்லாம் போகலாம் என்று அடுக்கினான். பார்க்கலாம் என்றாள். வண்டியும் அப்போது தளர ஆரம்பித்துவிட்டது. கூரை ஓரத்தில் மழைநீர் கசிந்து பலகை உப்பியது. மேட்டில் இன்ஜின் சூடேறி நின்றது. ஐந்து வருஷத்துக்கு என்று வாங்கிய வண்டி ஐந்து வருஷத்துக்குத்தான் உழைத்தது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆறாவது வருஷம் நவம்பரில், யூமாவுக்குக் கிழக்கே உள்ள கணவாயில் ஏறும்போது இன்ஜின் கொதித்தது. பகல் பதினொரு மணி. ஓரின் வண்டியை ஓரம் கட்டி, விளக்கைச் சிமிட்ட விட்டு, கருவிப் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான். மார்லிஸ் உள்ளேயே இருந்தாள். வண்டி நின்றால் அவன் இறங்கிப் பார்ப்பதும் அவள் காத்திருப்பதும் அதற்குள் வழக்கமாகிவிட்டிருந்தது. என்ன கோளாறு என்று அவள் கேட்பதில்லை. பின்னல் வேலையை எடுத்துப் பின்ன ஆரம்பித்தாள். இருபது நிமிஷம் கழித்து ஒரு லாரி டிரைவர் கதவைத் தட்டினான். ஓரின் முன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தபடி இறந்திருந்தான். மாரடைப்பு. அவனுக்கு அறுபத்தெட்டு வயது.

"ஜன்னலத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தாப் போதும்" என்று என்னிடம் சொன்னாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். கேட்டிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அவள் டாக்டர்கள் சொல்வதை நம்புவதை நிறுத்தி ரொம்ப நாளாகியிருந்தது.

ஊருக்குக் கொண்டுபோய் லூத்தரன் தேவாலயத்துக் கல்லறையில் அடக்கம் செய்தோம். கீழ்த்தளத்தில் பன்றியிறைச்சி வைத்த ரொட்டியும் காபியும் கொடுத்தார்கள். பழைய பணிமனை ஆட்கள் எல்லாரும் வந்தார்கள். வந்தவர்களில் மாவட்ட அலுவலகத்தில் ஓய்வூதியம் பார்க்கிற பெண்மணியும் ஒருத்தி. அவள் என்னை ஓரமாக அழைத்து, மார்லிஸுக்கு விஷயம் தெரியுமா என்று கேட்டாள்.

ஓரின் ஓய்வு பெறும்போது அவன் முன்னால் இரண்டு வழி இருந்தன. தான் இருக்கும்வரை மட்டும் என்றால் மாதம் கூடுதல் தொகை. தனக்குப் பிறகு மனைவிக்கும் வர வேண்டும் என்றால் குறைந்த தொகை. அவன் முதலாவதை எடுத்திருந்தான். அவளை அனுப்பிவிட்டுத்தான் தான் போவோம் என்பதில் அவனுக்கு அத்தனை உறுதி. காகிதத்தில் மார்லிஸும் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவன் நீட்டியதைப் படிக்காமல் போட்டது.

அதை நான்தான் அவளிடம் சொன்னேன், திரும்பும் விமானத்தில்.

"எனக்காகத்தான் எல்லாத்தையும் யோசிச்சான்" என்றாள். "அவனும் சாவான்கறது மட்டும் அவனுக்குத் தோணவே இல்ல."

மகனோ மகளோ இல்லை. சிகாகோவில் ஒரு அக்கா முதியோர் இல்லத்தில். அரசாங்கம் தருகிற முதியோர் பணம் மட்டும் மாதா மாதம் வந்தது. அதில் வாடகைக்கு வீடு எடுக்க முடியாது. வண்டிதான் வீடு. நான் அதைப் பழுது பார்த்து, பூங்காவுக்கு ஓட்டிவந்து பழைய இடத்தில் நிறுத்தினேன். அவளுக்கு அதை ஓட்டத் தெரியாது. ஓட்டக் கற்றுத் தருகிறேன் என்று ஒரு முறை கேட்டுப் பார்த்தேன். எங்கே போவதற்கு என்று கேட்டாள்.

இப்படியே ஏழு வருஷம். அவள் உடம்புக்கு ஒன்றும் வரவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை டாக்டரைப் பார்த்துவிட்டு வருவாள். என்ன சொன்னார் என்று கேட்டால், "நல்லா இருக்கேனாம்" என்பாள், பஸ் தவறிப்போனதைச் சொல்கிறவள் மாதிரி. நான் அக்டோபரில் தெற்கே போவேன், ஏப்ரலில் வடக்கே திரும்புவேன். போகும்போதெல்லாம் கூரைக்குத் தார் பூசுவேன், பேட்டரி மாற்றுவேன். ஓடாமல் நிற்கிற வண்டி ஓடுகிற வண்டியை விடச் சீக்கிரம் கெடும். டயர் வெடிப்பு விட்டது. எலி வயரைக் கடித்தது. நிற்கும் பெட்ரோல் பிசின் மாதிரி ஆகிவிடும். டீசல் வண்டியாக இருந்தாலும் நின்றே கிடந்தால் இந்தக் கதிதான். இரண்டில் எது மேல் என்கிற கேள்விக்கே அங்கே இடமில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பூங்கா கைமாறியது. புதிதாக வாங்கியவர்கள் பதினைந்து வருஷத்துக்கு மேலான வண்டிகள் இருக்கக் கூடாது என்று ஒவ்வொரு கதவிலும் காகிதம் ஒட்டினார்கள். பார்க்க நன்றாக இருக்காதாம். அறுபது நாள் அவகாசம். அலுவலகத்தில் இருந்த இளம்பெண்ணிடம் நான் போய்ப் பேசினேன். அவள் மரியாதையாகத்தான் பேசினாள்.

"எனக்குப் புரியுது சார். ஆனா ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். அந்த அம்மா வண்டிய மாத்திட்டா தாராளமா இங்கேயே இருக்கலாம்."

பெட்ரோல் தொட்டியைச் சுத்தம் செய்து, வயர்களைச் சேர்த்துக் கட்டி, ஒன்பது நாள் போராடி அதைக் கிளப்பினேன். எழுபத்தாறு வயதில் வண்டிக்கு அடியில் படுத்தால் எழுந்திருக்க இன்னொருவர் வேண்டும். மார்லிஸ் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். ஊருக்கு வெளியே பழைய டயர்க் கடை ஒன்றின் பின்புறம் மண் நிலம் கிடந்தது. கடைக்காரர் எஃப்ரெயின், நல்ல மனுஷர். மாதம் நூறு டாலருக்கு ஒத்துக்கொண்டார். மின்சாரத்துக்கு ஒரு கம்பி இழுத்துக் கொடுத்தார். தண்ணீரைக் குடத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். நான்தான் ஓட்டினேன், எட்டு மைல். இரண்டாவது கியருக்கு மேல் விழவில்லை. மார்லிஸ் பக்கத்து இருக்கையில் மடியில் ஒரு செடித்தொட்டியை வைத்துக்கொண்டு வந்தாள். நின்றதும் இன்ஜினை அணைத்தேன். மறுபடி கிளப்பிப் பார்த்தபோது கிளம்பவில்லை. அதோடு சரி.

அந்த ஏப்ரலில் நான் கிளம்புவதற்கு முந்தின நாள், மதியம் எனக்குச் சமைத்துப் போட்டாள். இறைச்சி, உருளைக்கிழங்கு, மேலே மொறுமொறுவென்று வறுத்த வெங்காயம். ருசியில் எந்தக் குறையும் இல்லை.

"அடுத்த வருஷம் வருவியா லைல்?"

"வருவேன்."

அப்போதே என் இடது கண்ணில் பார்வை பாதி போயிருந்தது. அவளுக்கும் அது தெரியும். உப்பு போதுமா என்று கேட்டாள்.

கோடையில் என் ஓட்டுநர் உரிமத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அக்டோபரில் நான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறேன். மறு வருஷக் கோடையில் ஒரு நாள், வெயில் நூற்றுப் பதிமூன்று டிகிரி தாண்டிவிட்டது, வண்டியின் குளிர்சாதனம் நின்றுவிட்டது, பகலில் டயர்க் கடை அலுவலகத்தில் எஃப்ரெயினின் மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னாள். அவள் வயதானவர்களுக்கான அரசாங்கக் குடியிருப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள். காத்திருப்போர் வரிசை நாலு வருஷமாம். அந்த அதிகாரி அவளிடம் நாலு வருஷம் என்று சொன்னபோது சிரிப்பு வந்ததாம். ஏன் சிரிக்கிறீர்கள் என்று அவர் கேட்டாராம்.

போன ஞாயிறு அவள் போனை எடுக்கவில்லை. திங்கள் முழுக்க அடித்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை அவளே கூப்பிட்டாள். போனுக்குப் பணம் கட்ட விட்டுப்போயிற்றாம். இங்கே பனி விழுந்ததா என்று கேட்டாள். விழுந்தது என்றேன். எவ்வளவு என்றாள். ஆறு அங்குலம் என்றேன். தள்ளியாயிற்றா என்று கேட்டாள். இன்னும் லாரி வரவில்லை என்று சொன்னேன்.